எண்ணெய் ஆகாத மாப்பிள்ளை

பட்டுக்கோட்டையில் எனக்கு ஒரு எண்ணெய் மில் இருக்கிறது. கொப்பரை வாங்கி ஆட்டி, டின்னில் அடைத்து விற்கிறேன். என் அப்பாவும் அதைத்தான் செய்தார். எங்கள் வீட்டுக் குழந்தைகளை முதலில் தொடுவது எண்ணெய்தான், பிறகுதான் பெற்ற தாய் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை, என் ஒரே தங்கை மாலதியை, எண்ணெயைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஒரு மனிதருக்குக் கட்டிக் கொடுத்தோம். தெரியாமல்தான் கொடுத்தோம்.

மாப்பிள்ளை பெயர் வைரக்கண்ணு. நன்னிலத்துப் பக்கம். தஞ்சாவூருக்கு வெளியே ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பித் தருகிற ஒரு நிலையத்தில் போர்மேன். நல்ல உத்தியோகம், குடிப்பதில்லை, அதிர்ந்து பேசமாட்டார் என்றெல்லாம் விசாரித்துத்தான் கொடுத்தோம். தலையைப் பார்த்து விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. வைக்கோல் மாதிரி வறண்டு, திசைக்கொன்றாக நிற்கிற முடி. கல்யாணக் கூட்டத்தில் அதைக் கவனிக்க ஏது நேரம்?

தலைதீபாவளிக்கு வந்தார். மணை போட்டு, கோலம் போட்டு, என் அம்மா வெள்ளிக் கிண்ணத்தில் காய்ச்சிய எண்ணெயோடு நிற்கிறாள். மாப்பிள்ளை மணையில் உட்காரவே இல்லை. "வேண்டாம் அத்தை. நாளான்னிக்கு டூட்டி இருக்கு" என்றார். எண்ணெய்க்கும் டூட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று என் அம்மா கேட்டாள். அவர் சீயக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மா கிண்ணத்தைத் தாழ்வாரத்தில் வைத்தவள் அன்று முழுக்க அதை எடுக்கவே இல்லை. அது நடந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் அந்தக் கிண்ணம் கண்ணில் நிற்கிறது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சிலிண்டரில் ஆக்சிஜனை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். அது சீறி வெளியே வருகிற வழியில் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ இருந்தால் போதும், நெருப்புக் குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடக்கூடாது. சரி, நியாயம். ஆனால் மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இவர் மட்டும் தலைக்கு வைப்பதில்லை, உடம்புக்குத் தேய்ப்பதில்லை, வேலை நாளில் வடை தொடுவதில்லை. மாலதி வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். கீலுக்கு எண்ணெய் விட்டால் அந்தக் கையால் கதவைத் திறந்து, அதே கையோடு டூட்டிக்குப் போக நேரும் என்பார். ஒரு எண்ணெய் மில்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உயரம் ஆகாது. எங்கள் தோப்பில் ஆள் மரம் ஏறினால் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேளாங்கண்ணியில் ராட்டினம் ஏறச் சொல்லி மாலதி கெஞ்சினாள். டிக்கெட் வரிசையிலேயே இவருக்குத் தலை சுற்றிவிட்டது. இப்படிப்பட்டவர் விமானத்தோடு சம்பந்தப்பட்டதுதான் வேடிக்கை.

திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் குஞ்சிதபாதம் என்று ஒரு பெரியவர். அவர் மகள் இசைவாணி வளைகுடாவில் பெரிய பெரிய விமானங்கள் ஓட்டுகிற கேப்டன். இசைவாணியும் மூன்று பைலட் நண்பர்களும் சேர்ந்து நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய சின்ன விமானத்தை வாங்கி, திருச்சியில் நிறுத்தியிருந்தார்கள். பெரிய விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள், எவ்வளவு உயரத்திலும் நாம் பாட்டுக்கு முறுக்குத் தின்றுகொண்டு போகலாம். சின்ன விமானத்தில் அந்த வசதி இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகும், மூச்சு போதாது. அதற்காகக் கையடக்கமாக ஒரு சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். ஒரு பைக்குள் வைத்து, சீட்டின் முதுகில் மாட்டிவிடுவார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய்கள் மூக்குக்கு வரும். குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் குண்டு ஒன்று மிதக்கும். எத்தனை ஆயிரம் அடிக்கு எவ்வளவு காற்று என்று அதைப் பார்த்துத் திருகிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் இரண்டு வருஷத்துக்கு முன் இசைவாணி மாப்பிள்ளையின் நிலையத்துக்கு வந்தார். மாப்பிள்ளை உடனே நிரப்பித் தரவில்லை. அதற்கான புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு மூன்று வாரம் எழுத்துக் கூட்டிப் படித்தார். மேலே இருக்கிற குளிரில் ஈரம் உறைந்து குழாயை அடைத்துவிடும் என்பதால், ஈரமில்லாத காற்றுதான் என்று சான்றிதழ் வரவழைத்தார். சரியான இணைப்புக் குழாய் வேண்டும் என்று பெங்களூருக்கு எழுதினார். எல்லாம் வந்த பிறகு, கேப்டனம்மா உதட்டில் பூசியிருந்ததைத் துடைத்துவிட்டுத்தான் இந்த மூக்குக் குழாயைப் போட வேண்டும், அதிலும் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லி, கையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். முந்நூறு பேரை வைத்துக் கடல் தாண்டி ஓட்டுகிற பெண். சிரித்துக்கொண்டே துடைத்தாராம். அன்றிலிருந்து இசைவாணிக்கு அவர் 'வைரக்கண்ணு அண்ணன்'. வேறு யார் கையிலும் அந்தப் பையைக் கொடுப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குஞ்சிதபாதம் முப்பத்தைந்து வயது வரை அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். வாய்க்காலில் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று நிலத்துக்காரர் சொல்வார், இவர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். அவர் அப்பாவும் அப்படித்தான், அவர் தாத்தாவும் அப்படித்தான். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து ஒன்றரை ஏக்கர் வாங்கினார், மகளைப் படிக்க வைத்தார். இப்போது எழுபத்து நான்கு வயது. நுரையீரல் பழுது. நூறடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தலைக்காவேரியை ஆகாயத்திலிருந்து பார்க்க வேண்டும். கல்லணையிலிருந்து ஆற்றோடு ஆறாகவே மேலே போய், அது பிறக்கிற இடத்தைப் பார்த்துவிட வேண்டும். "எல்லாத் தண்ணிக்கும் ஒரு மடை உண்டு. இந்த மடையை எவன் தொறந்து விடறான்னு ஒரு தடவை பாத்துடணும்" என்பார். ஐப்பசி முதல் நாள் அங்கே ஊற்று பொங்குகிறது என்பார்கள். அந்த நாளுக்கு மகள் லீவு போட்டு வந்தார். வழியில் இருக்கிற மலைகளைப் பத்திரமாகத் தாண்ட ஒன்பதாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். நல்ல உடம்புக்காரருக்கு அந்த உயரம் பெரிதில்லை. இவருக்கு மூக்கில் ஆக்சிஜன் இருந்தால்தான் போகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் மாப்பிள்ளை அந்தப் பையை நிரப்பி, பழகிக்கொள்ளட்டும் என்று பெரியவர் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தார். நான் அன்று தஞ்சாவூரில் இருந்ததால் கூடப் போனேன். வெறுங்கையோடு போவானேன் என்று என் மில் எண்ணெய் ஐந்து லிட்டர் கேன் ஒன்றையும் எடுத்துப் போனேன். மாப்பிள்ளை என்னை முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

அவர் பெரியவருக்குப் பாடம் எடுத்த மாதிரி எந்த வாத்தியாரும் எடுத்திருக்க மாட்டார். தலைக்கு எண்ணெய் கூடாது. பெரியவருக்குக் கொம்பு போல முறுக்கிய மீசை. தினமும் எண்ணெய் தொட்டு முறுக்குவார். அதற்கும் கூடாது. எண்ணெய்க் கையோடு பையைத் தொடவே கூடாது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டிக் காட்டினார். அதில் ஒரு எண் தெரியும், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று. பெரியவருக்குத் தொண்ணூற்று மூன்று, நான்கு இருந்தால் நல்லது, எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் விமானத்தை உடனே இறக்கிவிட வேண்டும். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மாப்பிள்ளை போன் பேச வெளியே போன நேரத்தில் பெரியவர் என்னிடம், இந்த எண்ணெய் இரும்புச் சாமானுக்கும் ஆகுமா என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? இரும்புக்கு மட்டுமா, பித்தளைக்கும் ஆகும், துரு அண்டாது, பளபளவென்று இருக்கும் என்று அளந்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி முதல் நாள் விடிந்தும் விடியாமலும் திருச்சியில் விமானக் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். என் வண்டியில்தான் எல்லோரையும் அழைத்துப் போயிருந்தேன். பெரியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சீயக்காய் போட்டுக் குளித்ததில் மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. விமானத்தைப் பார்த்தால் நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த அளவுதான். பின் சீட்டில் பெரியவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. பக்கத்தில் உட்கார ஒரு நர்ஸ் வந்திருந்தார். வழிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். புளியோதரைதான் செய்வதாக இருந்ததாம், நல்லெண்ணெய் என்பதால் மாப்பிள்ளை ஒப்பவில்லை.

இனி ஆக்சிஜனைத் திறந்து, குண்டைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளை பையின் ஜிப்பை இழுத்தார். எந்த வால்வையும் திறக்கும் முன்பு அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தால் அதைத் துடைத்துப் பார்ப்பார். அது அவர் வழக்கம். அன்றும் துடைத்தார். பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார்.

காகிதத்தில் மினுமினுவென்று ஒரு கறை. எனக்கு முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது என் மில் சரக்கு.

சிலிண்டரைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். கழுத்தில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். பித்தளை வாய் தங்கம் மாதிரி மின்னியது.

பெரியவரிடம் கேட்டோம். அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஆயுத பூஜைக்கு டிராக்டர், மோட்டார், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு வரிசையாக வைத்தபோது, தன்னைத் தலைக்காவேரிக்குக் கூட்டிப்போகிற சாமானை மட்டும் எப்படி விடுவது? மூடியைக் கழற்றி, காற்று நிரப்புகிற வாயின் திருகு மரைக்குள்ளும் விட்டுத் துடைத்தாராம். நீங்கள் சொன்னபடி கையில் எண்ணெய் படவே இல்லை, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துணியை எண்ணெயில் நனைத்துத்தான் தடவினேன் என்றார்.

இசைவாணி வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டால் போதாதா என்று ஒரு தடவை கேட்டார். மரைக்குள் போனது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டும், அதைச் செய்ய உரிமம் உள்ளவர்கள் பெங்களூரில்தான் இருக்கிறார்கள் என்றார் மாப்பிள்ளை. இசைவாணி எஞ்சின் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பெரியவர்தான் ஒப்பவில்லை. எத்தனை மாதம் காத்திருந்த நாள் அது. பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் மூக்கு, என் உசுரு. தொற தம்பி. ஆனது ஆவட்டும்."

மாப்பிள்ளை அந்தச் சந்தனம் தெரியும்படி சிலிண்டரைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னதை அன்றைக்குத்தான் நானும் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஐயா, எனக்குப் பத்தொம்பது வயசுல நானும் இப்படித்தான் தொடச்சேன். இதே ஆயுத பூஜைக்குத்தான். வெல்டிங் பட்டறையில இருந்தேன். பித்தளை மின்னணும்னு ரெகுலேட்டருக்கு எண்ணெய் தடவிப் பொட்டு வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு அதை நான் தொறக்கலங்க. கூட வேலை பாத்த மூஸா தொறந்தான்."

பெரியவர் கேட்டார்: "செத்துட்டானா?"

"இல்லீங்க. கீழவாசல்ல புரோட்டாக் கடை வெச்சிருக்கான். வலது கையில மூணு வெரலு மடங்காது."

பெரியவர் தொங்கிப்போன மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"வாணி, பெல்ட்டைக் கழட்டு" என்றார்.

திரும்பும்போது செங்கிப்பட்டிக்கு அருகில் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தித் தயிர்சாதம் சாப்பிட்டோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கேன் நான் கொடுத்தது, பித்தளைக்கும் ஆகும் என்று சொன்னதும் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை திட்டுவார் என்று பார்த்தேன். எண்ணெய்க் கை கூடாது என்று சொன்னேனே தவிர, எண்ணெய்த் துணி கூடாது என்று சொல்லத் தவறியது என் பிழை என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். பெரியவர் உப்பு நார்த்தங்காயை நக்கிக்கொண்டே, எண்ணெய் என்னமோ நல்ல எண்ணெய்தான் என்றார். அது ஆறுதலா குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊரில் 'விமானத்தை நிறுத்தின வைரக்கண்ணு' என்று பெயராகிவிட்டது. ஒரு சொட்டு எண்ணெய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, பெரியவர் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. இருபத்து நான்கு வருஷமாக நானே அவரைப் பேசாத பேச்சில்லை. ஆனால் மற்றவர்கள் பேசும்போது கோபம் வருகிறது.

ஒருநாள் தஞ்சாவூர்க் கீழவாசலுக்குப் போய் மூஸாவின் கடையில் உட்கார்ந்தேன். எண்ணெயால் கை போன மனிதர் பெரிய இரும்புக் கல்லில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் புரோட்டா வீசிக்கொண்டிருந்தார். மடங்காத மூன்று விரல்களும் அந்த வேலைக்கென்றே செய்த கரண்டி மாதிரி இருந்தன. வைரக்கண்ணுவின் மச்சான் என்று சொன்னதும் தட்டில் ஒரு புரோட்டா கூடுதலாக விழுந்தது. பழைய கதையைக் கேட்டேன். பூஜை வைக்கும்போது கூடவே நின்று பொரி தின்றவன் நான், அன்றைக்கு அவனும் சின்னப் பையன், இதில் யார் தப்பு என்ன இருக்கிறது என்றார். "அவன்தான் இன்னும் தலைக்கு எண்ணெய் வெக்காம திரியறான். சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கிறான்." கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. சால்னாக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். தலைதீபாவளிக் கிண்ணத்தை நான் மனசிலிருந்து இறக்கி வைத்தது அந்தக் கடையில்தான்.

கார்த்திகை மழையில் பெரியவருக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், வீட்டில் மூன்று வாரம் என்று ஆக்சிஜனிலேயே கிடந்தார். இசைவாணி வேலைக்குத் திரும்பியிருந்தார். சிலிண்டர் மாற்றுவது மாப்பிள்ளை. தினமும் காலையில் பெரியவர் வீட்டுக்குப் போய் விரலில் கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்து, மகளுக்குப் போனில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். முதல் வாரம் பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாராம். இரண்டாவது வாரம் இன்றைக்கு எத்தனை என்று கேட்டார். மூன்றாவது வாரம் அவரே கிளிப்பை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து பை திரும்பி வந்தது, பிரித்துக் கழுவிச் சோதித்த சான்றிதழோடு. மாப்பிள்ளை அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். பொங்கலுக்கு இசைவாணி பத்து நாள் லீவில் வந்தார். கூட்டாளிகள் விமானத்தை விற்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள், மாசக் கடைசியில் அது கை மாறிவிடும். டாக்டர் பெரியவரைப் பரிசோதித்து அரை மனதோடு சம்மதித்தார். பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் உட்கார்ந்து அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் தடவை விட்டால் இனி இல்லை.

நர்ஸை மறுபடி கூப்பிடலாம் என்றார் இசைவாணி. பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். நிறுத்தியவன் எவனோ அவனே வந்து திறக்கட்டும் என்றாராம்.

அந்தச் செய்தியைக் கேட்ட அன்று மாப்பிள்ளை சாப்பிடவில்லை. மாலதி போன் செய்து என்னிடம் அழுதாள். மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட ஏறாத மனுஷன். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர், "நான் தொறந்து குடுத்துட்டுக் கீழ நின்னா, மூஸா மாதிரி இன்னொருத்தர்ல மச்சான் மேல இருப்பாங்க" என்றார்.

தை ஆறாம் நாள். மூடுபனி விலக ஒன்பது மணி ஆயிற்று. பயணிகளை எடை போட்டார்கள். மாப்பிள்ளை அந்த எடை மெஷினில் ஏறும்போதே கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைக் காகிதத்தால் துடைத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், மறுபடியும் துடைத்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. வால்வை மெதுவாகத் திறந்தார். மீசைக்கு மேலே குழாய் மாட்டிய பெரியவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். மாப்பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. விமானம் ஓடி, எழும்பி, கொள்ளிடத்துப் பக்கம் திரும்பிப் பொட்டாகிக் காணாமல் போனது. மாலதி என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

மைசூரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு, அதாவது விமானத்துக்குப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் நாலரைக்குத் திரும்பினார்கள். முதலில் இசைவாணி இறங்கினார். பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினோம். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் குழந்தை முகமாக இருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மலை பச்சையாக மடிப்பு மடிப்பாகக் கிடந்ததாம். அதன் இடுப்பில் ஒரு சின்னக் குளம், அதுவும் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்ததாம். மகளைச் சொல்லி மூன்று தடவை சுற்றி வந்து பார்த்தாராம்.

"மடையே இல்லைய்யா" என்றார் என்னிடம். "நல்லாத் தேடிப் பாத்துட்டேன். எவனும் தொறந்து விடல. தானா வருது."

அதைச் சொல்லிவிட்டு ஒரு தடவை சிரித்தார், ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எப்போது சாப்பாடு என்று கேட்டார்.

மாப்பிள்ளை கடைசியாக இறங்கினார். வால்வை மூடி, குழாயைச் சுருட்டி, பையின் ஜிப்பை இழுத்து, எல்லாம் முடித்த பிறகுதான் இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தரையில் கால் வைத்ததும் இரண்டு முறை மிதித்துப் பார்த்துக்கொண்டார். பெரியவர் புகார் சொன்னார், போய் வந்த ஆறு மணி நேரத்தில் இவர் ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, குளத்தைப் பார் தம்பி என்று நான் கத்தியும் திரும்பவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார் என்று.

மாலதி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் போய் வந்தீர்களே, தலைக்காவேரி எப்படி இருந்தது என்று கேட்டாள்.

மாப்பிள்ளை நிதானமாக யோசித்தார்.

"தொண்ணூத்தி நாலு" என்றார். "மலைக்கு மேல சுத்தும்போது மட்டும் தொண்ணூத்தி ஒண்ணு. அப்பறம் மறுபடி தொண்ணூத்தி நாலு."